வெண்கலத்துக்கு எந்தச் சட்டை?

அத்தியாயம் 6

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குள் குண்டூசியின் முகத்தில் மூன்று கதவுகள் சாத்தப்பட்டிருந்தன.

முதல் கதவு துறைமுக அணி மேலாளருடையது. கடிதம் அசல்தான், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது கதவு ரயில்வே அணி மேலாளருடையது. கடிதம் போலிதான், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவரும் கூட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது கதவு கையெழுத்து நிபுணருடையது. அவர் கதவைத் திறக்கவே இல்லை. நான்கு பக்க அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதியாயிற்று, படித்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

"ரெண்டு நாள்ல நாம கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி," என்றான் ஒட்டடை. "இந்த ஊர்ல கதவெல்லாம் நல்லா சாத்துது."

குண்டூசி நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் ஆவணக் காப்பகத்தில் காகிதங்களைக் கோத்து வைத்தவள் அவள். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. ஒட்டடை அவளுடைய கொழுந்தன். ஆறடி இரண்டங்குல உயரம். அகலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஏழு வேலைகளில் நிலைக்காமல், எட்டாவதாக அண்ணியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். அவனை வேலையை விட்டு அனுப்ப அவள் பலமுறை யோசித்ததுண்டு. அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்து பேசுவான். வைத்திருந்தால் வெளியிலாவது பேசுகிறான்.

இருவரும் புகழ் மண்டபத்துக்குத் திரும்பியிருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாததால்தான் திரும்பினார்கள்.

விளையாட்டு வீரர்களுக்கான அந்த மண்டபத்தில் வழக்கம் எளிமையானது. தேர்வான வீரருக்கு மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று. சிலையின் மேல் சட்டை, சட்டையின் மேல் அவர் ஆடிய அணியின் சின்னம். வாழ்நாள் முழுக்க ஒரே அணிக்கு ஆடியவரால் யாருக்கும் தலைவலி இல்லை. பல அணிகளில் ஆடியவர் எந்தச் சட்டையில் நிற்க விரும்புகிறார் என்பதை அவரே எழுத்தில் தர வேண்டும். அது ஒன்பதாம் விதி. யாராவது மறுத்தால் தகராறு தீரும்வரை மரியாதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். அதுவும் ஒன்பதாம் விதிதான்.

இந்த வருடம் தேர்வானவர் பூட்டு. கால்பந்தில் அவர் கோல்கீப்பர். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் அது. துறைமுக அணிக்கு ஒன்பது வருடம், ரயில்வே அணிக்கு ஆறு வருடம் ஆடியவர். இப்போது எழுபத்து மூன்று வயது. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தான் துறைமுக அணிச் சட்டையில் நிற்க விரும்புவதாக அவர் எழுதிய கடிதம் மூன்று வாரங்களுக்கு முன் தபாலில் மண்டபத்துக்கு வந்தது. கடிதத்தில் தட்டச்சான தேதி அவர் படுக்கையில் விழுவதற்கு முந்தையது. உறையின் மேல் இருந்த தபால் முத்திரையோ அவர் விழுந்த பிறகானது. ரயில்வே அணி அதைப் பிடித்துக்கொண்டு மறுப்பு எழுதிவிட்டது.

சனிக்கிழமை திறப்பு விழா. இன்று மாலை ஐந்து மணிக்குள் கடிதம் அசலா போலியா என்று தெரியாவிட்டால் பூட்டின் பெயர் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீங்கிவிடும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். அவருடைய மருத்துவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. குண்டூசி அவரைக் கேட்டபோது, அடுத்த வருடத்தைப் பற்றித் தன்னிடம் பேச வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்த கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடிதத்தின் நகலை மடியில் விரித்தாள். நூறாவது தடவையாக இருக்கும். நான்கு வரி தட்டச்சு. கீழே பூட்டின் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே பொடியாக 12 என்று ஓர் எண். கையெழுத்து அசல் என்று நிபுணர் சத்தியம் செய்தார். அந்தப் பன்னிரண்டைத் தேதி என்று எழுதிவைத்தார். தட்டச்சான தேதியோ பதினான்கு.

"ரெண்டு நாள் முன்னாடியே கையெழுத்துப் போட்டு வச்சிட்டு அப்புறம் யோசிச்சாரா?" என்று அவள் தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள்.

"எங்க அண்ணன் உங்களைக் கல்யாணம் பண்ணினப்போ அப்படித்தான்," என்றான் ஒட்டடை, ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்தபடி.

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே பூட்டின் பழைய கையுறை ஒன்று, பந்துகள் நான்கைந்து, ஒரு போட்டியின் அழைப்பிதழ். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. திட்டு வாங்காமல் இருக்க அவன் அவற்றை உற்றுப் பார்ப்பது போல நடித்தான். பிறகு உண்மையாகவே உற்றுப் பார்த்தான்.

"அண்ணி, இந்த மனுஷன் ஒண்ணாந்தேதிக்கும் இருபத்தொண்ணாந்தேதிக்கும் மட்டும்தான் கையெழுத்துப் போடுவாரா?"

குண்டூசி எழுந்து வந்தாள். கையுறையில் கையெழுத்தின் கீழே 1. அதற்கடுத்த பந்தில் 1. அழைப்பிதழில் 21. இன்னொரு பந்திலும் 21. கையுறை துறைமுக அணியில் அவர் அணிந்தது. அழைப்பிதழ் ரயில்வே அணியின் போட்டிக்கானது.

"தேதி இல்லை. சட்டை எண்," என்றாள் அவள். நான்கு பக்க அறிக்கையை அந்த நிபுணரின் கதவிலேயே ஆணி அடித்து மாட்ட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சுவரில் பூட்டின் ஆட்ட வாழ்க்கையைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். துறைமுகத்தில் ஒன்றாம் எண், ரயில்வேயில் இருபத்தொன்றாம் எண். பன்னிரண்டு எங்கேயும் இல்லை.

"கண்ணாடியில சாயாதீங்க சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடத்துக் காவலாளி. காலையிலிருந்து அவர் அதை மூன்றாவது முறையாகச் சொல்கிறார். ஒட்டடை நிமிர்ந்து நின்று மன்னிப்புக் கேட்பதற்குள் குண்டூசி அவரிடம், பூட்டு எப்போதாவது பன்னிரண்டாம் எண் சட்டை போட்டிருக்கிறாரா என்று கேட்டாள்.

காவலாளி சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுவரில் எழுதியிருப்பது பாதி வாழ்க்கைதான் என்றார். இருபது வயதில் பூட்டு நூற்பு மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர்; நான்கு வருடம் மில் அணிக்குத்தான் ஆடினார். அங்கே ஒன்றாம் எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நெசவுப் பிரிவின் மேஸ்திரி. பந்தைப் பிடித்தாரோ இல்லையோ, அந்தச் சட்டையை மட்டும் விடவே இல்லை. அதனால் பூட்டுக்குப் பன்னிரண்டு. அவர் துறைமுகத்துக்குப் போய்ப் பல வருடம் கழித்து மில்லை மூடினார்கள், அணியும் கலைந்தது. கையெழுத்து கேட்டு யாராவது வந்தால், நீ எந்தப் பக்கம் என்று பூட்டு முதலில் கேட்பாராம். சொன்னதும் அந்தப் பக்கத்துச் சட்டை எண்ணைப் போட்டுக் கொடுப்பாராம்.

"அப்ப பன்னிரண்டு போட்ட தாள் மில்லுக்காரங்க யாருக்கோ கொடுத்தது," என்றாள் குண்டூசி. "மில்லுக்காரங்க இப்ப யாரு இருக்காங்க?"

"மூடி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா. ஆளுக்கொரு திசையா போயிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். நூற்புப் பிரிவுல வேலை பார்த்தவங்க."

"யாரு?"

"அவரு சம்சாரம்," என்றார் காவலாளி.

இருவரும் பூட்டின் வீட்டுக்குப் பேருந்து ஏறினார்கள். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாள்தான் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, கணவரிடம் எப்படிக் கேட்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். இடது கை மட்டும்தான் அசைகிறது, ஆமாம் என்றால் இறுக்கிப் பிடிப்பார், இல்லை என்றால் சும்மா இருப்பார் என்றார். குண்டூசி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுக அணியா என்று கேட்டாள். அசைவில்லை. ரயில்வே அணியா என்று கேட்டாள். அதற்கும் அசைவில்லை. இரண்டு மேலாளர்களும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று முடிவுகட்டியிருந்தார்கள். அவளும் நோட்டுப் புத்தகத்தில் 'புரிகிறதா என்பது சந்தேகம்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீடு இரண்டாம் மாடியில். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். பூட்டு தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். பெரிய ஆள், கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார். குண்டூசி கடித நகலை மேஜையில் வைத்து அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

அந்த அம்மாள் கையிலிருந்த போர்வையை ஓரம் சேர்த்து, நீவி, நாலாக மடித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

"வீட்ல போடுற கையெழுத்துக்கெல்லாம் பன்னிரண்டுதான் போடுவாரு," என்றார். "பொண்ணோட ரிப்போர்ட் கார்டுல கூட. இது என்னன்னு டீச்சர் கேட்டு அனுப்பினாங்க."

"மார்க்குன்னு பயந்திருப்பாங்க," என்றான் ஒட்டடை. அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே கண் கலங்கிவிட்டது. மீதியை அவர் கேட்காமலே சொன்னார்.

பூட்டுக்கு எழுத்து வராது. வந்தாலும் கோணல்மாணலாக இருக்கும். எந்தக் கடிதமானாலும் முதலில் வெள்ளைத் தாளில் கீழே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மேலே நீ எழுதிக்கொள் என்பார். நாற்பது வருடப் பழக்கம். அவர் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். மண்டபத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று சொல்வதற்குள் விழுந்துவிட்டார். அந்தத் தாளை மனைவி அலமாரியில் வைத்திருந்தார். போன மாதம் எடுத்துக்கொண்டு நகல் கடைக்குப் போய், தானே தேதியைப் போட்டு நான்கு வரி அச்சடித்து வாங்கினார்.

"தப்புதான். இல்லைங்கலை," என்றார். "அவரு இருக்கும்போதே அந்தச் சிலையைப் பார்த்துடணும்னு தோணிச்சு. வேற ஒண்ணும் இல்லை."

"துறைமுகம்னு ஏன் எழுதினீங்க? அவர் அதைத்தான் விரும்பினாரா?"

"கேட்டேன். கையை இறுக்கலை. ரயில்வேன்னும் கேட்டேன். அதுக்கும் இறுக்கலை. எனக்குத் தெரியும் இறுக்க மாட்டாருன்னு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பது போல. "ஆனா பட்டியல்ல இருக்கிற அணியைத்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்களே. இருக்கிறதுல அதிக வருஷம் ஆடினது அது. எழுதிட்டேன்."

குண்டூசி காதைத் தீட்டிக்கொண்டாள். "யார் சொன்னாங்க, பட்டியல்ல இருக்கிறதைத்தான் எழுதணும்னு?"

அந்த அம்மாள் எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்துவந்தார். உள்ளே மண்டபத்தின் படிவம். துறைமுகம், ரயில்வே என்று இரண்டு கட்டங்கள் அச்சிட்டு, ஒன்றில் குறியிடவும் என்று போட்டிருந்தது. இரண்டு கட்டமும் காலி. அதற்குக் கீழே கோணல்மாணலான கையெழுத்தில், பூட்டு தானே எழுதியிருந்தார்: மில் அணி. பந்து பிடிக்கப் பழகினது அங்கே. பிறகு கையெழுத்து, பன்னிரண்டு. மேல் மூலையில் மண்டபத்தின் வரவு முத்திரை. அவர் படுக்கையில் விழுவதற்கு மூன்று வாரங்களுக்கு முந்தைய தேதி.

அதோடு ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது. தாங்கள் குறிப்பிட்டுள்ள அணி பட்டியலில் இல்லை; பட்டியலில் உள்ள அணி ஒன்றைத் தேர்வு செய்து மீண்டும் அனுப்பவும். கீழே ஒரு கையொப்பம்.

இது வந்த அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை என்றார் மனைவி. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார். வேண்டாம் என்கிறவர்களிடம் போய் நிற்க வேண்டாம் என்றார். பத்து நாள் கழித்துத்தான், இன்னொரு தடவை எழுதிப் பார்ப்போமா என்று அந்த வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் விழுந்த பிறகு மனைவி மூன்று முறை மண்டபத்து ஜன்னலில் போய் நின்றிருக்கிறார். மூன்று முறையும் அதே பதில். பட்டியல்.

குண்டூசி அந்தக் கையொப்பத்தை உற்றுப் பார்த்தாள். இரண்டு நாளாகத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு அலையும் இன்னொரு காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அவளை இந்த விசாரணைக்கு நியமித்த உத்தரவு அது.

ஒட்டடை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே ஆளு," என்றான். "அண்ணி, நம்மள வேலைக்கு வச்சவரே..."

"பேசாம வா."

கிளம்பும்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். பூட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. அடக்கிக்கொண்டாள். சாட்சி இல்லாமல் கேட்டு வாங்கும் பதிலும் நகல் கடையில் அச்சடித்த நான்கு வரியும் மண்டபத்தின் தேர்வுக் குழுவின் முன் ஒன்றுதான்.

மண்டபத்தின் செயலாளர் நல்ல மனிதர். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு கோப்புக் குவியல், அந்தப் பக்கம் ஒரு கோப்புக் குவியல். நடுவில் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். குண்டூசி உள்ளே நுழைந்தபோது மணி மூன்று நாற்பது. போலி என்று நிரூபணமாகிவிட்டதா என்று அவர் ஆவலோடு கேட்டார்.

"இதுக்கு முன்னாடி பூட்டுகிட்ட இருந்து படிவம் எதுவும் வந்ததா சார்?"

வரவில்லை என்றார் செயலாளர். கோப்பில் இல்லை. வந்திருந்தால் இருந்திருக்கும்.

"திருப்பி அனுப்பினா கோப்புல இருக்குமா?"

திருப்பி அனுப்பியதற்கெல்லாம் பதிவேடு கிடையாது என்றார். அவள் படிவத்தையும் துண்டுத்தாளையும் அவர் முன் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு படித்தார். கையொப்பத்துக்கு வந்ததும் நின்றார்.

"ஒரு நாளைக்கு நாப்பது ஐம்பது வருதும்மா," என்றார் கடைசியில். "எழுத்தர் வைப்பாரு, நான் போடுவேன். ஒவ்வொண்ணா படிக்க முடியுமா?"

"நாப்பது கையெழுத்துல ஒண்ணு அந்தம்மாவைப் பொய்க் கடிதம் எழுத வச்சிருக்கு சார். இன்னொண்ணு, அதைக் கண்டுபிடிக்க என்னை அனுப்பியிருக்கு."

அவர் ஒன்பதாம் விதியின் பின்னால் போய் ஒளியப் பார்த்தார். அவள் விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, சத்தமாகப் படிக்கச் சொன்னாள். வீரர் தாம் ஆடிய அணிகளுள் ஒன்றை எழுத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று படித்தார். அந்த அணி இன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அப்படியென்றால் பட்டியலிலிருந்து மில் அணியை எடுத்தது யார்? அச்சகத்துக்குப் பட்டியல் தரும்போது, சந்தா செலுத்தும் அணிகளை மட்டும் தந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். மூடிய மில்லிலிருந்து யார் வந்து சண்டை போடப்போகிறார்கள் என்று நினைத்ததையும் சொன்னார்.

"யாரும் வரலை," என்றாள் குண்டூசி. "அதனாலதான் இவ்வளவும்."

துறைமுகத்துக்காரர்களுக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் தான் என்ன பதில் சொல்வது என்று அவர் புலம்பினார். இரண்டு பேரும் விழாவுக்கு வரமாட்டார்கள். அத்தோடு, பூட்டுக்கு இப்போது நினைவே இல்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் படிவத்தையும் மனைவிதான் எழுதினார் என்றால் எப்படி மறுப்பது?

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து நிமிடப் பயணம். செயலாளரே வந்து பூட்டின் கையிடமே கேட்டுப் பார்க்கட்டும் என்றாள். ஒட்டடை ஏற்கெனவே அவருடைய குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் வண்டி பிடிக்கப் போயிருந்தான்.

நாலரை மணிக்குச் செயலாளர் பூட்டின் கட்டிலோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த இடது கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டார். குண்டூசி எட்ட நின்றாள். யாரும் உதவ வேண்டாம் என்று அந்த அம்மாளையும் சமையலறை வாசலில் நிறுத்தியிருந்தாள்.

"ஐயா, துறைமுக அணிச் சட்டைங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

விரல்கள் சும்மா கிடந்தன.

"ரயில்வே அணிங்களா?"

ஒன்றுமில்லை. செயலாளர் திரும்பிக் குண்டூசியைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்ற பார்வை. அவளுக்கும் சந்தேகம் தட்டியது. ஒருவேளை மேலாளர்கள் சொன்னது சரியாக இருந்தால்? நான்கு மாதத்தில் அந்த மனிதருக்குள் இருந்த மில்லும் மூடியிருந்தால்?

"மில் அணிங்களா ஐயா?"

செயலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முகம் கோணியது. விரலில் போட்டிருந்த மோதிரம் சதைக்குள் பதிந்திருக்க வேண்டும். ஆமாங்க, புரிஞ்சுதுங்க, சரிங்க என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கை விடவில்லை. பூட்டின் கண்கள் அவர் முகத்தை விட்டு நகரவும் இல்லை.

"பந்தை அவ்வளவு சீக்கிரம் வெளியில போடுற ஆளில்லை சார் அவரு," என்றான் ஒட்டடை.

கடைசியில் மனைவி வந்து, போதும் விடுங்க, அவரு எழுதிக்கணும் இல்லையா என்று சொன்ன பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. செயலாளர் சிவந்த விரல்களை உதறிக்கொண்டு, கட்டிலின் விளிம்பிலேயே காகிதத்தை வைத்து, முதல் படிவம் செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை படித்துவிட்டுப் போட்டார். தேர்வுக் குழுவின் மற்ற இருவருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்தபோது மணி நான்கு ஐம்பத்தைந்து.

தபாலில் வந்த இன்னொரு கடிதத்தை என்ன செய்வது, போலீசுக்குத் தர வேண்டுமா என்று அவர் படியிறங்கும்போது கேட்டார். அவர் சட்டைப் பையில் அது மடிந்து கிடந்தது.

"நீங்க திருப்பி அனுப்பினதுக்குப் பதிவேடு இல்லைன்னீங்க," என்றாள் குண்டூசி. "போலீசுக்கு எழுதினா ரெண்டையும் எழுதணும் சார். உங்க துண்டுத்தாளையும் சேர்த்து."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடித்தது. செயலாளர் வார்ப்படப் பட்டறையிலிருந்து பேசினார். குரல் அழுவது போலிருந்தது. உடனே வரச் சொன்னார்.

பட்டறையில் களிமண்ணும் கரியும் நாறின. நடுவில் மர மேடையில் பூட்டின் வெண்கலத் தலையும் தோளும். நல்ல வேலை, தாடைகூட அவருடையதேதான். நெஞ்சில் இடது பக்கம் துறைமுக அணியின் நங்கூரம் கனமாகப் புடைத்து நின்றது. எப்படியும் துறைமுகம்தான் என்று அந்த அணி மேலாளர் இரண்டு வாரத்துக்கு முன்பே சிற்பியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சிற்பியும் கேட்டுக்கொண்டு வார்த்துவிட்டார். இனி மறுபடி வார்க்க நேரமில்லை. நங்கூரத்தை அரம் வைத்து ராவி எடுக்கத்தான் முடியும். மில் அணியின் சின்னம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இராத்திரிக்குள் சின்னதாக ஒன்று செய்து பொருத்தித் தருவதாகச் சிற்பி சொன்னார். அந்தச் சின்னம் யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் விடிகாலையிலிருந்து பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை.

குண்டூசி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. மூன்று நாள் அலைந்து உண்மையைக் கண்டுபிடித்தால், அதைப் பதிக்க ஒரு சின்னம் இல்லை.

"தறி ஒண்ணு போட்டுடலாமா?" என்றார் செயலாளர். "இல்லை, நூல் கண்டு மாதிரி. பார்க்க நல்லாருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்று வாசலிலிருந்து ஒட்டடையின் குரல் கேட்டது. சின்னம் கிடைக்கவில்லை என்று காதில் விழுந்ததும், யாரும் சொல்லாமலே அவன் நேராகப் பூட்டின் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குண்டூசிக்கு அவனை எட்டாவது வேலையிலேயே வைத்திருக்கலாம் என்று பட்டது.

சிற்பி அதற்குள் நங்கூரத்தில் வேலையை ஆரம்பித்திருந்தார். அரம் கிறீச்சிட்டது. வெண்கலத் தூள் மேடையில் உதிர்ந்தது. அந்த அம்மாள் சிலையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிட்டே போய், சிலையின் காதை, கணவருடைய காதே அது என்பது போல, ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செயலாளர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். மில் அணிச் சட்டையில் என்ன சின்னம் இருந்தது, நினைவிருக்கிறதா, தோராயமாகச் சொன்னாலும் போதும் என்றார்.

"சின்னமா?" அந்த அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. "தறியில கழிச்சுப் போட்ட துணியில நாங்க அஞ்சு பேரு உட்கார்ந்து தச்சுக் கொடுத்த சட்டை அது. முன்பக்கம் ஒண்ணும் கிடையாது. வெறும் துணிதான்."

செயலாளர் தன் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதப் போய், எழுதாமல் மூடினார். குண்டூசி வாளியிலிருந்து எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். நங்கூரம் இருந்த இடம் வழவழவென்று மஞ்சளாக மின்னியது.

"அப்ப வேலை முடிஞ்சுது," என்று சிற்பி அரத்தைக் கீழே வைத்தார்.

அந்த அம்மாள் குனிந்து, அந்த இடத்தின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். நூற்புப் பிரிவில் இழையின் முடிச்சைத் தேடிய விரல் அது. ஓரிடத்தில் நின்றது.

"இல்லைங்க. கீழ்முனை இன்னும் தட்டுப்படுது," என்றார். "இன்னும் கொஞ்சம் தேயுங்க."

சிற்பி அரத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.